"வரலாற்றில் இன்று" பலகைக்கு நீலகிரி, கொடைக்கானல் தேதிகள்: எதை நம்பி எழுதுவது?

கேள்வி: கரும்பலகை_கோத்தகிரி

வணக்கம். கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் காலை வணக்கக் கூட்டத்தில் "வரலாற்றில் இன்று" என்று ஒரு வரி வாசிப்பது வழக்கம். வாசித்த வரி அன்று முழுக்க வாசல் பலகையில் இருக்கும். உலக நிகழ்வுகளும் இந்திய நிகழ்வுகளும் எங்கும் கிடைக்கின்றன. பிள்ளைகள் தினமும் பஸ்ஸில் கடந்து வருகிற இடங்களுக்குத்தான் வரி இல்லை. அதனால் நீலகிரிக்கும் கொடைக்கானல் இருக்கிற பழனி மலைக்கும் சேர்த்துத் தேதிகளைத் திரட்டியிருக்கிறோம். திரட்டியதில் பாதி ஒன்றோடொன்று மோதுகிறது.

மலை ரயில் தொடங்கிய நாள் ஓரிடத்தில் 1899 ஜூன் 15, இன்னோரிடத்தில் 1908 அக்டோபர் 15. உதகை புனித ஸ்டீபன் ஆலயத்துக்கு 1829 ஏப்ரல் 23, 1830 நவம்பர் 5, 1831 ஏப்ரல் 3 என்று மூன்று தேதிகள். "ஊட்டி கண்டுபிடிக்கப்பட்ட நாள்" என்று 1819 ஜனவரி 2. உதகை ஏரி, தாவரவியல் பூங்கா, கொடைக்கானல் ஏரி மூன்றுக்கும் ஒரு தளம் ஜனவரி 1 என்றே போட்டிருக்கிறது. அவலாஞ்சியில் கொட்டிய மழைக்கு ஆகஸ்ட் 8 என்கிறார்கள், 9 என்கிறார்கள். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையை எந்தத் தேதியில் எழுதுவது என்றே தெரியவில்லை.

இவற்றில் எது சரி என்பதோடு, இனி வரும் தேதிகளை நாங்களே சரிபார்க்க ஒரு முறையும் சொல்லுங்கள். பட்டியலை எக்ஸலில் வைத்திருக்கிறோம்.

பதில்: கல்லாறு_ஏற்றம்

நீங்கள் மோதுகிறது என்று சொன்ன தேதிகளில் பெரும்பாலானவை மோதவே இல்லை. அந்தத் தேதிகள் சரிதான். பக்கத்தில் போட்ட வினைச்சொல்தான் தப்பு. "தொடங்கியது", "உருவானது", "உதயமானது" ஆகிய மூன்று சொற்களையும் பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். முதல் மண் வெட்டினார்கள், அடிக்கல் நாட்டினார்கள், போக்குவரத்துக்குத் திறந்தார்கள், அரசாணை வந்தது என்று அன்று நடந்த வேலையை எழுதுங்கள். பாதிக் குழப்பம் அப்போதே தீரும்.

ரயிலையே எடுத்துக்கொள்வோம். 1891 ஆகஸ்டில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடங்கிவைத்தார். வேலையை எடுத்த கம்பெனி அதை முடிக்காமலே நொடித்துப்போக, பிறகு வந்த புதுக் கம்பெனிதான் முடித்தது. 1899 ஜூன் 15 அன்று திறந்தது மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைதான். குன்னூருக்கு மேலே இன்னும் ஒன்பது ஆண்டுகள் ரயில் கிடையாது. 1908 செப்டம்பர் 15-ல் ஃபெர்ன்ஹில் வரையும், அக்டோபர் 15-ல் உதகை வரையும் நீட்டினார்கள். ஆக, ஒரு வரிக்கு ஓர் அட்டை என்று வைத்தால், இது ஒரு ரயிலுக்கு மூன்று கார்டு. "1899 ஜூன் 15: ஊட்டிக்கு முதல் ரயில்" என்று பல இடங்களில் பார்க்கலாம். அன்று ஊட்டிக்கு ரயிலில் போயிருக்க முடியாது, குன்னூரில் இறங்கி வண்டி பிடித்திருக்க வேண்டும்.

தேதி சரியாக இருந்தும் வரி கெட்டுப்போவதற்கு இன்னொரு வழி, பிற்கால விவரத்தை முந்தைய தேதியில் ஒட்டுவது. 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம் என்பதெல்லாம் உதகை வரைக்குமான முழுப் பாதையின் கணக்கு. அதை 1899 வரியில் சேர்க்கக் கூடாது. அதேபோல, தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரட்டைப் பட்டை இருப்பது கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் மட்டும். அங்கே ஏற்றம் ஏறக்குறைய 12-க்கு 1. ஒரு பட்டையின் பல் மற்றதன் பள்ளத்துக்கு நேராக வரும்படி இரண்டையும் தள்ளி வைத்திருப்பார்கள், இன்ஜினின் பல்சக்கரம் எப்போதும் ஏதாவது ஒன்றைக் கவ்விக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக. குன்னூருக்கு மேலே ஏற்றம் குறைவு, அங்கே பல் இல்லை. எனவே 1908 வரியில் "பல்சக்கரப் பாதை திறக்கப்பட்டது" என்று எழுதினால் தேதி சரியாக இருந்தும் செய்தி பொய்.

2005 ஜூலையில் யுனெஸ்கோ கொடுத்ததும் தனிப் பட்டம் இல்லை. 1999-ல் டார்ஜிலிங் பாதைக்குக் கொடுத்த உலகப் பாரம்பரியத் தகுதியை நீலகிரிக்கும் நீட்டினார்கள். "நீட்டினார்கள்" என்றே எழுதுங்கள்.

ஸ்டீபன் ஆலயத்துக்கும் இதே கணக்குதான். 1829 ஏப்ரல் 23 அடிக்கல், 1830 நவம்பர் 5 கல்கத்தா பிஷப் வந்து அர்ப்பணம் செய்த நாள், 1831 ஏப்ரல் 3 ஈஸ்டர் ஞாயிறன்று பொது வழிபாட்டுக்குத் திறப்பு. மூன்றும் உண்மை. அடிக்கல் நாட்டிய நாளை மன்னர் நான்காம் ஜார்ஜின் பிறந்தநாள் என்று குறித்திருப்பார்கள். அது அரசு கொண்டாடிய பிறந்தநாள். அவர் பிறந்தது 1762 ஆகஸ்ட் 12. அதைப் பார்த்து ஏப்ரல் 23-க்கு "நான்காம் ஜார்ஜ் பிறந்தார்" என்று யாராவது கார்டு எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆலயப் பதிவேட்டிலிருந்து தேதி எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிவேடு ஞானஸ்நானத்தையும் அடக்கத்தையும் குறிப்பது, பிறப்பையும் இறப்பையும் அல்ல. பிறப்புக்கும் ஞானஸ்நானத்துக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி இருக்கலாம். கல்லறைக் கல்லில் இருப்பது பொதுவாக இறந்த நாள். பதிவேட்டில் அதற்கு ஓரிரு நாள் பின்னால் ஒரு தேதி இருந்தால் அது அடக்கம். இரண்டையும் "முரண்" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சல்லிவன் விஷயத்துக்கு வருகிறேன். 1819 ஜனவரி 2 அன்று கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறப் புறப்பட்டார். "புறப்பட்டார்" என்பதுதான் சரியான வினை. "கண்டுபிடித்தார்" என்று எழுதக் கூடாது, பள்ளிப் பலகையில் நிச்சயமாகக் கூடாது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் எல்லாரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மலை இது. வெளியிலிருந்து வந்தவர்களிலும் அவர் முதல் ஆள் இல்லை: 1603-ல் பாதிரியார் ஃபினிசியோ, 1812-ல் நில அளவைக்கு வந்த கீஸும் மக்மஹோனும், 1818-ல் விஷ், கிண்டர்ஸ்லி. 1117-ஆம் ஆண்டு ஹொய்சளக் கல்வெட்டிலேயே தோடரும் நீலமலையும் வந்தாயிற்று. பலகைக்கு முன்னால் நிற்கிற பிள்ளைகளில் பலர் அந்தக் குடிகளின் பிள்ளைகள். அவர்கள் ஊரை இன்னொருவர் கண்டுபிடித்ததாக அவர்கள் கையாலேயே எழுதவைப்பது நியாயமில்லை.

சல்லிவன் பிறந்தது 1788 ஜூன் 15. ரயில் குன்னூருக்கு வந்த அதே தேதி. ஒரே நாளுக்கு இரண்டு கார்டு வரும், வரட்டும். ஆண்டு மாற்றி ஆண்டு வாசித்தால் சலிக்காது.

பதில்: வாக்கியம்72

கிழமைச் சோதனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காகிதமும் பென்சிலும் போதும், ஏழாம் வகுப்புப் பிள்ளையே செய்துவிடும். பழைய ஆவணங்களில் தேதியோடு கிழமையும் இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் எங்கோ நகல் எடுத்ததில் பிழை.

எந்த ஆண்டிலும் 4/4, 6/6, 8/8, 10/10, 12/12 ஆகிய ஐந்தும் ஒரே கிழமையில் வரும். 9/5, 5/9, 11/7, 7/11 ஆகியவையும் அதே கிழமை. பிப்ரவரியின் கடைசி நாளும் அதுவே. ஜனவரிக்கு மட்டும் சாதாரண ஆண்டில் 3, லீப் ஆண்டில் 4. அந்த ஆண்டின் கிழமையைக் கண்டுபிடிக்க, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தோடு அதில் கால் பங்கைப் பின்னம் விட்டுக் கூட்டி, ஏழால் வகுத்து, மீதியை நூற்றாண்டின் கிழமையோடு கூட்ட வேண்டும். 1800-களுக்கு வெள்ளி, 1900-களுக்கு புதன், 2000-களுக்கு செவ்வாய்.

1899-ஐப் பார்ப்போம். 99-ம் 24-ம் 123. ஏழால் வகுத்தால் மீதி 4. வெள்ளியிலிருந்து நான்கு நகர்ந்தால் செவ்வாய். ஆகவே ஜூன் 6 செவ்வாய், 13 செவ்வாய், 15 வியாழன். ரயில் திறந்தது வியாழக்கிழமை. வேறு கிழமை எழுதிய குறிப்பு வந்தால் நிறுத்தி விசாரியுங்கள்.

ஸ்டீபன் ஆலயத்தை இதைவிட நன்றாகச் சோதிக்கலாம். 1831: 31-ம் 7-ம் 38, மீதி 3, வெள்ளியிலிருந்து மூன்று நகர்ந்தால் திங்கள். ஏப்ரல் 4 திங்கள் என்றால் ஏப்ரல் 3 ஞாயிறு. அந்த ஆண்டு ஈஸ்டரும் ஏப்ரல் 3-தான். ஒரே குறிப்பில் தேதி, கிழமை, திருநாள் மூன்றும் ஒத்துப்போனால் கண்ணை மூடிக்கொண்டு பலகையில் ஏற்றலாம். கிழமை மட்டும் பொருந்தினால் அவ்வளவு உறுதி இல்லை, ஏழில் ஒரு தடவை தற்செயலாகவும் பொருந்தும்.

தமிழ்த் தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்றுவதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சித்திரை 1 இன்று ஏப்ரல் 14-ஐ ஒட்டி வருகிறது. 1850 வாக்கில் அது ஏப்ரல் 11 அல்லது 12. நம் ஆண்டு நட்சத்திரத்தை வைத்து, ஆங்கில ஆண்டு பருவத்தை வைத்து. இரண்டுக்கும் உள்ள சின்ன வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள் நகர்ந்துவிடும். ஆகவே இந்த ஆண்டு காலண்டரைப் பார்த்து 1850-ஆம் ஆண்டுத் தமிழ்த் தேதியை மாற்றினால் இரண்டு மூன்று நாள் பிசகும். மாதங்களும் சம நீளம் இல்லை: ஆனி 31 அல்லது 32 நாள், மார்கழி 29 அல்லது 30. ஒரு எண்ணைக் கூட்டிக் கழிக்கும் குறுக்குவழி உதவாது. அந்தந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்தே மாற்ற வேண்டும். இன்னொன்று, நமக்கு நாள் பிறப்பது சூரிய உதயத்தில். இரவு இரண்டு மணிக்கு நடந்தது ஆங்கிலக் கணக்கில் மறுநாள், நம் கணக்கில் அதே நாள்.

பண்டிகைகளுக்கு ஆங்கிலத் தேதிக் கார்டே எழுத வேண்டாம். ஹெத்தையம்மன் பண்டிகை மார்கழிப் பௌர்ணமியை ஒட்டிய திங்கட்கிழமையை வைத்து வருவது, டிசம்பருக்கும் ஜனவரிக்கும் இடையே நகரும். பழனித் தைப்பூசமும் அப்படியே. அவற்றுக்குத் தனி நிறத்தில் "நகரும் நாள்" கார்டு வைத்து, ஒவ்வோர் ஆண்டும் காலண்டர் வந்ததும் பென்சிலால் தேதியைக் குறித்து, முடிந்ததும் அழித்துவிடலாம். சென்ற ஆண்டுத் தேதியிலேயே இந்த ஆண்டும் வாசித்துவிட்டால் பிள்ளைகளே திருத்துவார்கள்.

பழைய ஜூலியன் காலண்டர் பற்றி யாராவது கேட்டால்: இங்கிலாந்து 1752-ல் மாறிவிட்டது. நம் மலையில் ஆங்கிலேயர் குறித்த எல்லாமே அதற்குப் பிறகு. மாற்றல் தேவையில்லை.

கரும்பலகை_கோத்தகிரி

மிக்க நன்றி ஐயா, இருவருக்கும். ஆண்டு மட்டும் கிடைக்கிற நிகழ்வுகளை என்ன செய்வது? உதகை ஏரி, தாவரவியல் பூங்கா, முத்தோரை ரேடியோ தொலைநோக்கி எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. எக்ஸலில் வரிசைப்படுத்தினால் ரயிலும் ஆலயமும் பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. குன்னூரில் தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டர் நிலையத்துக்கு ஜூன் 4 என்று காட்டுகிறது, நாங்கள் அடித்தது ஏப்ரல் 6.

பதில்: கலம்_வரிசை

எக்ஸலுக்குத் தேதி என்பது 1900 ஜனவரி 1-ல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தையது எதை அடித்தாலும் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். கட்டத்தில் இடது ஓரமாக ஒட்டி நின்றால் அது எழுத்து, வலது ஓரம் என்றால் தேதி. வரிசைப்படுத்தும்போது எண்கள் முதலில், எழுத்துகள் பிறகு. அதனால்தான் 1899-ம் 1831-ம் அடியில் கிடக்கின்றன. நீலகிரி வரலாற்றில் பாதி 1900-க்கு முந்தையது என்பதால் உங்களுக்கு இது தினசரித் தொல்லையாக இருக்கும்.

பாஸ்டர் நிலையம் வேறு நோய். 6/4/1907 என்று அடித்திருப்பீர்கள். கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் மாதத்தை முதலில் படிக்கும், ஜூன் 4 ஆகிவிடும். 12-க்கு மேற்பட்ட நாள் என்றால் குழம்பித் தேதியாக ஏற்காமல் விட்டுவிடும், அதாவது உங்கள் கண்ணில் படும். 12-க்குள் இருக்கிற நாள் சத்தமில்லாமல் மாறிவிடும். ஆகவே இதுவரை அடித்ததில் நாள் 1 முதல் 12 வரை உள்ள வரிகளை எல்லாம் மூலத்தோடு மறுபடி ஒப்பிட வேண்டும். இரட்டை இலக்க ஆண்டும் ஆபத்து: 15-10-08 என்றால் 2008 என்று எடுத்துக்கொள்ளும், நூறு ஆண்டு தள்ளிப்போகும்.

தீர்வு எளிது. தேதிக் கட்டமே வேண்டாம். மாதம், நாள், ஆண்டு மூன்றும் தனித்தனி நிரலில் சாதாரண எண்ணாக. நான்காவது நிரலில் மாதத்தை 100-ஆல் பெருக்கி நாளைக் கூட்டுங்கள். ஜூன் 15 என்றால் 615, அக்டோபர் 15 என்றால் 1015. அந்த நிரலை வைத்து வரிசைப்படுத்தினால் எந்த ஆண்டாக இருந்தாலும் காலண்டர் ஒழுங்கில் நிற்கும்.

ஆண்டு மட்டும் தெரிந்தவற்றுக்கு மாதம், நாள் இரண்டிலும் 0 போடுங்கள். எல்லாம் மேலே திரண்டு நிற்கும், ஒருபோதும் ஜனவரி 1-ல் கலக்காது. நீங்கள் பார்த்த அந்த ஜனவரி 1 எப்படி வந்தது என்றால், பல தரவுத்தளங்கள் ஆண்டு மட்டும் கொடுத்தால் உள்ளுக்குள் அந்த ஆண்டின் முதல் நாளாகச் சேமித்துக்கொள்ளும். அங்கிருந்து நகல் எடுப்பவர் அதையே உண்மைத் தேதியாகப் போட்டுவிடுவார். ஜனவரி 1, ஏப்ரல் 1, எந்த மாதத்தின் 1-ம் தேதியாக இருந்தாலும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். எல்லாம் பொய் என்பதல்ல. அரசாணைகள் மாதப் பிறப்பில் நடைமுறைக்கு வருவது இயல்பு. கோவையிலிருந்து நீலகிரியைப் பிரித்து பிரீக்ஸ் என்ற கமிஷனரின் கீழ் வைத்தது 1868 ஆகஸ்ட் 1. நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம், நாட்டிலேயே முதலாவது, 1986 செப்டம்பர் 1-ல் அறிவிக்கப்பட்டது. இவை உண்மையான ஒன்றாம் தேதிகள்.

அந்த 1868-லும் வினையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று வந்தவர் கமிஷனர். கலெக்டர் வந்தது 1882-ல்.

ஆண்டு மட்டும் உள்ளவை வீண் இல்லை. மழையால் கூட்டம் ரத்தாகும் நாளில், கார்டு இல்லாத நாளில், "இந்த மலையில் ஒரு வேலை" என்று வாசியுங்கள். முத்தோரைத் தொலைநோக்கி 1970-ல் இயங்கத் தொடங்கியது, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஏன் அங்கே கட்டினார்கள் என்றால், அந்த மலைச் சரிவு வடக்கு தெற்காக ஏறக்குறைய 11 பாகை, ஊரின் அட்சரேகையும் ஏறக்குறைய அதே 11 பாகை. சரிவிலேயே கிடத்தினால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும், பிறகு ஒரே திசையில் சுழற்றினாலே வானத்தில் நகரும் பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். ஒரு தேதியைவிட இது பிள்ளைகளுக்கு அதிகம் சொல்லும்.

பதில்: பூம்பாறை

பழனி மலைக்கு ஒரு நல்ல தேதி இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். 1909 ஜனவரி 5, கொடைக்கானல் சூரிய ஆய்வகம். ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளியின் நிறமாலையைப் பார்க்கும்போது, புள்ளியின் இருண்ட நடுவைச் சுற்றிய புறநிழல் பகுதியில் கோடுகள் இடம்பெயர்ந்திருப்பதைக் கண்டார். புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்புறமாக ஓடுகிறது என்பது அதன் பொருள். உலகம் முழுவதும் இன்றைக்கும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். வினை: "கண்டார்". கட்டுரை அச்சானது அதற்குப் பிறகு. "வெளியிட்டார்" என்று இந்தத் தேதியில் எழுதக் கூடாது.

ஆய்வகத்துக்கும் படிகள் பல. 1899-ல் சென்னை வான் ஆய்வகத்தின் பணி கொடைக்கானலுக்கு மாறியது, சூரியனை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பின். "1899-ல் முதல் சூரியப் படம்" என்பது போன்ற வரிகளைத் தள்ளிவிடுங்கள்.

கலம்_வரிசை சொன்ன மாதம்-நாள் குழப்பம் எங்கள் மலையில் கணினி வருவதற்கு முன்பே உண்டு. கொடைக்கானலில் 1845-ல் முதல் வீடுகளைக் கட்டியவர்கள் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள். அமெரிக்கர் வழக்கம் மாதத்தை முதலில் எழுதுவது. ஆங்கில அதிகாரிகள் நாளை முதலில் எழுதுவார்கள். எண்ணால் சுருக்கி எழுதிய குறிப்பு கிடைத்தால், எழுதியவர் யார் என்று முதலில் பாருங்கள். அதே ஆள் எழுதிய இன்னொரு குறிப்பில் 12-க்கு மேற்பட்ட எண் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தால் அவர் வழக்கம் தெரிந்துவிடும். உதகை ஆவணத்தில் பழகிய கண்ணோடு கொடைக்கானல் ஆவணத்தைப் படித்தால் மார்ச்சில் நடந்தது மே ஆகும்.

கொடைக்கானல் ஏரி 1863, மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் காலம். கோக்கர்ஸ் வாக் 1872. பிரையண்ட் பூங்கா 1908. மூன்றும் ஆண்டு மட்டும் தெரிந்தவற்றின் பெட்டிக்கு.

குறிஞ்சிக்கும் ஒரு கார்டு வையுங்கள், ஆனால் நாள் போடாமல். 1994, 2006, 2018 என்று பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெரும்பூப்பு, அடுத்தது 2030. ஆகஸ்ட், செப்டம்பர் மாதக் கார்டாக வைத்தால் போதும். நடுவில் சில சரிவுகளில் தனிக்கூட்டமாகப் பூப்பதும் உண்டு. அதைக் கண்டு "குறிஞ்சி ஆண்டு" என்று எழுதிவிட வேண்டாம்.

பதில்: மழைமானி

அவலாஞ்சி: இரண்டு தேதியும் சரி. மழை அளப்பது காலை 8.30 மணிக்கு. முந்தின நாள் 8.30 முதல் அன்று 8.30 வரை பெய்தது அளந்த நாளின் பெயரில் பதிவாகும். 2019 ஆகஸ்ட் 8 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 820 மில்லிமீட்டர், 9-ம் தேதி காலையோடு முடிந்ததில் 911. ஆகஸ்ட் 9 என்று பதிவான மழையில் பெரும்பகுதி 8-ம் தேதி பகலிலும் இரவிலும் பெய்தது. ஊர்க்காரர் "8-ம் தேதி மழை" என்பார், பதிவேடு 9 என்னும். கார்டில் இப்படி எழுதுங்கள்: "2019 ஆகஸ்ட் 9 காலை 8.30 உடன் முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 911 மி.மீ. மழை." நீளம்தான், ஆனால் தப்பு வராது. செ.மீ., மி.மீ. இரண்டையும் கலக்காதீர்கள். செய்தித்தாளில் 91 செ.மீ. என்று வரும், அதை 91 மி.மீ. என்று நகல் எடுத்தால் மழை பத்தில் ஒரு பங்காகிவிடும்.

2009 நவம்பர் நிலச்சரிவுகளை ஒரே நாளுக்குக் கட்டாதீர்கள். மழை பல நாள் பெய்தது, சரிவும் பல இடத்தில் பல நாள். நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நவம்பர் 10-ல் வைக்கலாம், ஆனால் "இந்த நாட்களில்" என்று எழுதுங்கள்.

2021 டிசம்பர் 8-க்கும் கார்டு வைப்பீர்கள் என்று நினைக்கிறேன். சூலூரிலிருந்து வெலிங்டன் போன ராணுவ ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. அதில் இருந்தவர்கள் முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் உட்பட 14 பேர். அன்று இறந்தவர்கள் 13 பேர். குரூப் கேப்டன் வருண் சிங் பெங்களூரு மருத்துவமனையில் டிசம்பர் 15-ல் இறந்தார். "டிசம்பர் 8-ல் 14 பேர் இறந்தனர்" என்று எழுதினால் அவர் உயிரோடு போராடிய ஒரு வாரம் காணாமல் போய்விடும். இரண்டு கார்டாகப் பிரித்து எழுதுங்கள். அந்தக் கிராமத்து மக்கள்தான் முதலில் ஓடிப்போய் உதவியவர்கள், அதையும் ஒரு சொல்லாவது சேருங்கள்.

பதில்: பலகைப்பணி

கணினிப் பட்டியல் இருந்தாலும் கையில் எடுக்கிற கார்டுப் பெட்டி ஒன்று வேண்டும். 5-க்கு 3 அங்குல அட்டை, பிப்ரவரி 29-ஐயும் சேர்த்து 366 இடம், 12 மாதப் பிரிப்பட்டை, பின்னால் ஆண்டுப் பெட்டிக்கும் நகரும் நாளுக்கும் இரண்டு பிரிப்பட்டை. முன்பக்கம் வாசிக்கும் வரி மட்டும், பன்னிரண்டு சொல்லுக்குள். பின்பக்கம் எங்கிருந்து எடுத்தது, யார் சரிபார்த்தது, கிழமை பொருந்தியதா. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இடத்தில் கிடைத்தால் மையால், ஒரே இடம் என்றால் பென்சிலால். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுதிய இரண்டு குறிப்பும் ஒன்றுதான், இரண்டாகாது. ஒரே எழுத்துப்பிழை இரண்டிலும் இருந்தால் அவை தாயும் பிள்ளையும்.

பழைய பத்திரிகையிலிருந்து எடுத்தால் அச்சான தேதியை நிகழ்ந்த தேதியாகப் போடாதீர்கள். மலையில் நடந்தது சென்னைப் பத்திரிகையில் வர அந்தக் காலத்தில் சில நாள் ஆகும். செய்தியின் தலையில் ஊர்ப் பெயரோடு ஒரு தேதி இருக்கும், அதிலிருந்து "நேற்று", "கடந்த வியாழன்" என்பதை எண்ணிப் போக வேண்டும்.

நம் ஊர் ஈரத்துக்கு ஏற்ற மாதிரி சாமான் வாங்குங்கள். இங்க்ஜெட்டில் அச்சடித்தால் ஜூலை மூடுபனியில் மை பரவிவிடும், லேசர் அச்சோ நீர் கரைக்காத மையோ வேண்டும். இரும்புக் குண்டூசி ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து அட்டையில் கறை வைக்கும், பித்தளை ஊசி அல்லது காந்தம் நல்லது. லேமினேட் செய்தால் அட்டையைச் சுற்றி 3 மில்லிமீட்டராவது வெறும் விளிம்பு விட்டு வெட்டுங்கள். விளிம்பில்லாமல் வெட்டினால் ஓரத்தில் ஈரம் ஏறி, உள்ளே பூஞ்சை பிடிக்கும். வாசல் பலகையில் எழுத்து உயரம் பத்து அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் இருந்தால் வரிசையின் கடைசிப் பிள்ளைக்கும் தெரியும்.

கரும்பலகை_கோத்தகிரி

எல்லாருக்கும் நன்றி. முதலில் எழுதிய ஆறு வரிகளை இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

ஜனவரி 2, 1819: கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி மலையேறப் புறப்பட்டார்.
ஜனவரி 5, 1909: கொடைக்கானலில் எவர்ஷெட் சூரியப் புள்ளியில் வாயு ஓட்டத்தைக் கண்டார்.
ஏப்ரல் 6, 1907: குன்னூர் பாஸ்டர் நிலையம் இயங்கத் தொடங்கியது.
ஜூன் 15, 1899: மேட்டுப்பாளையம்–குன்னூர் மலை ரயில் போக்குவரத்துக்குத் திறந்தது.
செப்டம்பர் 1, 1986: நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது.
அக்டோபர் 15, 1908: குன்னூர்–உதகை ரயில் பாதை திறந்தது.

பதில்: கல்லாறு_ஏற்றம்

முதல் ஐந்தும் அப்படியே போகலாம். பாஸ்டர் நிலையத்துக்கு 1977 பிப்ரவரி 10-ல் இன்னொரு கார்டு உண்டு, அன்று தன்னாட்சி நிறுவனமாக இந்தியப் பாஸ்டர் நிலையம் என்ற பெயருக்கு மாறியது.

ஆறாவதைத் திருத்துங்கள். குன்னூரிலிருந்து ஃபெர்ன்ஹில் வரை செப்டம்பர் 15-லேயே திறந்தாயிற்று. அக்டோபர் 15-ல் வந்தது ஃபெர்ன்ஹில்லிலிருந்து உதகை வரையான கடைசித் துண்டு. "மலை ரயில் உதகையை எட்டியது" என்று எழுதினால் சரி.

அந்த இரண்டு நாளும் பலகையில் இடம் கிடைப்பதுதான் கஷ்டம். செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாள், அக்டோபர் 15 கலாம் பிறந்தநாள். பலகையின் கீழ்ப்பகுதியில் "நம் மலையில்" என்று ஒரு வரிக்கு இப்போதே கோடு போட்டு ஒதுக்கி வையுங்கள்.